தாளில் அடங்காத செல்கள்

அருள், இந்தக் கடிதத்தை எழுதுவது உன் நைனா. உனக்கு வாசித்துக் காட்டப்போவது எஸ்தர். உறையின் மேல் உன் பெயரை எழுதி, வேப்பம்பட்டில் அவள் வீட்டு விலாசத்தைப் போட்டிருப்பது அதற்காகத்தான். கும்மிடிப்பூண்டியில் உன் கம்பெனி ஷெட்டுக்கு அனுப்பியிருந்தால் நீ இதை யாரிடமும் நீட்டியிருக்க மாட்டாய். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாய். எஸ்தர், நீ இதைப் பிரித்துவிட்டாய் என்றால் தனியாக வாசித்து முடித்துவிடாதே அம்மா. அவனுக்குச் சொல்லி அனுப்பு. அவன் வந்து எதிரே உட்கார்ந்த பிறகு முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. எஸ்தர், என் மகனுக்குப் படிக்க வராது. தன் பெயரை எழுதுவான், அதுவும் பொம்மை போடுகிற மாதிரி. எட்டாவதை அவன் தாண்டவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே பாஸ் என்று, பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னவன் நான். அன்றைக்கு எஸ்தரின் அப்பா பேப்பரை நீட்டி, “மாப்ள, ரயில்காரங்க ஸ்ட்ரைக்குனு ஏதோ போட்டுக்கிறான், இன்னான்னு பாரு” என்றாரே, ஞாபகம் இருக்கிறதா அருள்? நீ கையை நீட்டுவதற்குள் நான் பிடுங்கிக்கொண்டேன். “அவனுக்குக் கண்ணு வலிங்க, நான் படிக்கிறேன்” என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அடக்கமான பிள்ளை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், தப்பித்தோம் என்று.

மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. உன் பெயரையும் எஸ்தரின் பெயரையும் சாமியார் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சபையைப் பார்த்தார். இரண்டு தடவையும் நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு வராதது தடை ஆகாது என்று எனக்குத் தெரியும். பொய் ஆகுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது ஓலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: “நைனா, நான் எஸ்தராண்ட சொல்லிடப் போறேன்.” சொன்னால் அவள் அப்பன் பெண் கொடுப்பானா என்றேன். “குடுக்கலன்னா போறாரு. நாளைக்கு அவ ஒரு காயிதத்த நீட்டி இன்னா போட்டுக்குதுன்னு கேட்டா நான் மூஞ்ச எங்க கொண்டு போய் வச்சிக்கிறது? டெய்லி கண்ணு வலின்னு சொல்லிக்கினே இருக்கணுமா?” இருபத்து நான்கு வயது மகனைக் கன்னத்தில் அறைந்தேன். நீ திருப்பிக் கையை ஓங்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “நான் போறேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். மூன்றாவது ஓலை, கடைசி ஓலை, வருகிற ஞாயிறு. அதற்குள் எஸ்தருக்கு இது தெரிய வேண்டும். நீ போய்ச் சொன்னால் பொய் உன் தலையில் விழும். அது என்னுடைய பொய். அதனால் நானே எழுதுகிறேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டணத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, என்ன வேலை என்று யாரிடமும் விளக்கமாகச் சொன்னதில்லை. மூளையைச் சீவுகிற வேலை. எலி, பூனை, ஆடு, குரங்கு, எப்போதாவது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மனுஷ மூளை. மருந்தில் ஊறவைத்து, வெள்ளி உப்பில் போட்டு, காகிதக் கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவேன். அந்த வெள்ளி உப்பு விசித்திரமான சரக்கு. நூறு மூளைச் செல்லில் ஒன்றிரண்டைத்தான் பிடித்துக் கறுப்பாக்கும். எதைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிடித்ததை மட்டும் முழுசாகப் பிடிக்கும். மஞ்சள் தரையில் கறுப்பாக ஒரு மரம் நிற்கும், கிளைக்குள் கிளை, கிளை முழுக்கப் பொடி முள். அந்த முள் ஒவ்வொன்றும் இன்னொரு செல் வந்து சேதி சொல்கிற இடம் என்பார்கள். மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு கருவியை மாட்டினால் செல்லும் தெரியும், மேஜை மேல் இருக்கிற தாளும் என் பென்சில் முனையும் தெரியும். செல்லின் மேலேயே பென்சிலை ஓட்டி வரைய வேண்டியது. இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் செய்தேன். காலையில் திருவள்ளூரில் ரயில் ஏறி, கரித்தூள் விழுந்த கண்ணைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் செத்த மிருகங்களின் தலைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு கொள்கை. மூளையின் மேலே சுருக்கம் சுருக்கமாக ஒரு உறை இருக்கிறது, புறணி என்று அதற்குப் பெயர். பார்ப்பது, கேட்பது, கை காலை அசைப்பது, யோசிப்பது எல்லாம் அதில் வேறு வேறு இடத்தில் நடக்கிறது. ஆனால் எந்த இடத்தை எடுத்துப் பார்த்தாலும் உள்ளே செல்களின் பின்னல் ஒன்றுதான், எலியிலிருந்து மனுஷன் வரைக்கும் அதே அச்சு என்பார் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு மனுஷ மூளையைக் கையில் ஏந்திக்கொண்டு, “இது யாருதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா. ராஜாவா கூலிக்காரனான்னு மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது” என்றார். அன்றைக்கு நான் கழிவறைக்குப் போய் அழுதேன். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர் என் அப்பா. நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றபோது பண்ணையின் கணக்குப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? “உங்காளுங்க மண்டையில களிமண்ணுதான்டா கீது, எழுத்து எங்க ஏறும்?” என்றார். என் அப்பா சிரித்தார், சிரிக்காவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. நான் படித்தேன். வெறியோடு படித்தேன். படித்ததால்தான் செருப்புப் போட்டேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், ரயிலில் உட்கார்ந்து போனேன். இப்போது ஒரு பெரிய மனிதர் சொல்கிறார், எல்லா மண்டையிலும் ஒரே சரக்கு என்று. அந்தக் கொள்கையை அவரைவிட நான்தான் அதிகமாக நம்பினேன். அவருக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அது மானம்.

அந்த மானத்தைத்தான் உன் முதுகில் வைத்து அடித்தேன். உனக்கு ஏழு வயது இருக்கும், பலகையில் எழுதிய எழுத்து நகருகிறது என்றாய். “ஒரு எளுத்து மேல இன்னொன்னு ஏறிக்குது நைனா” என்றாய். நான் சிலேட்டை எடுத்து, இது உன் மூளை, இது என் மூளை என்று இரண்டு வட்டம் போட்டு, இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரி கோடு இழுத்துக் காட்டினேன். எல்லாருக்கும் ஒரே பின்னல்தான், எனக்கு வந்தது உனக்கும் வரும் என்றேன். நீ ரொம்ப நேரம் சிலேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: “அப்போ எனக்கு மட்டும் ஏன் வரல?” ஒரு நல்ல விஞ்ஞானி அந்தக் கேள்வியில் நின்றிருப்பான். நான் சொன்னேன், சோம்பேறித்தனம் என்று. வேறு பதில் எனக்குக் கிடையாது. சரக்கு ஒன்றுதான் என்றால், வராததற்குக் காரணம் உன் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து பிரம்பை எடுத்தேன். ஒரு தடவை சொன்னதைக் கேட்டால் உனக்கு அப்படியே மனப்பாடம் ஆகும், பூசையில் வாசிக்கிற சுவிசேஷத்தை வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வார்த்தை பிசகாமல் சொல்வாய். அதை வைத்துத்தான் ஏழு வகுப்பு ஏறினாய். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. இவ்வளவு ஞாபகம் இருக்கிறவன் வேண்டுமென்றுதான் படிக்காமல் இருக்கிறான் என்று நினைத்தேன். “அவன் இன்னா வேணும்னேவா பண்றான்? அவன் கண்ணுல எளுத்து நிக்கலய்யா, உட்டுடு” என்று உன் அம்மா குறுக்கே விழுவாள். படிக்காதவளுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று அவளையும் தள்ளிவிடுவேன். இரண்டு பேரில் சரியாகப் பார்த்தவள் அவள். மைக்ராஸ்கோப்பு என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் செய்த தில்லுமுல்லைக் கேள். செல்லை வரைய எங்களிடம் ஒரே அளவுத் தாள்தான். எல்லாப் படமும் ஒரே உருப்பெருக்கத்தில், ஒரே அளவுத் தாளில் இருந்தால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்று பேராசிரியர் வழக்கம் வைத்திருந்தார். “நல்ல செல்லா பாத்து எடுப்பா” என்பார். நல்ல செல் என்றால் என்ன? முழுசாக இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், தாளுக்குள் நிற்க வேண்டும். மண்டையின் பின்பக்கம், பார்வைக்கான இடத்தில் எடுத்த செல் எல்லாம் சின்ன மரம். தாளின் நடுவில் அடக்கமாக நிற்கும். நெற்றிப் பக்கம் எடுத்த செல் அப்படி இல்லை. எலியில் பெரிய வித்தியாசம் தெரியாது. குரங்குக்கு வந்தால் கிளை நாலு பக்கமும் தாளைத் தாண்டி மேஜைக்குப் போகும், முள்ளை எண்ணப் புகுந்தால் பின்பக்கத்துச் செல்லைப்போலப் பல மடங்கு வரும். முதல் தடவை பார்த்தபோது, இரண்டு செல் ஒன்றன் மேல் ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது, மருந்து சரியில்லை என்று நினைத்தேன். ஒதுக்கினேன். அடுத்ததும் அப்படி. அதையும் ஒதுக்கினேன். தேடித் தேடிப் பார்த்தால் நெற்றிப் பக்கத்திலும் ஒன்றிரண்டு குட்டையான செல் கிடைக்கும். அதைப் பிடித்து வரைந்து கொடுப்பேன். பேராசிரியர் பின்பக்கத்துப் படத்தையும் முன்பக்கத்துப் படத்தையும் ஒன்றாக வைத்து, “பாத்தியா, ஒரே அச்சு” என்பார். எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஒதுக்கிய தகடுகள் என்ன ஆயின என்றால், அப்போது நல்ல கண்ணாடித் தகட்டுக்குப் பஞ்சம். வீணான தகட்டை மருந்தில் ஊறப்போட்டு, பிளேடால் சுரண்டி, கழுவித் துடைத்து மறுபடியும் பயன்படுத்துவோம். தாளில் அடங்காத செல் இருந்த தகடுகளை எல்லாம் நானே சுரண்டினேன். எத்தனை என்று கேட்காதே. முதல் ஒரு வருஷம் வேண்டுமானால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு எனக்குத் தெரியும் அருள். கண் பார்த்ததை மனசு வேண்டாம் என்றது. இடத்துக்கு இடம் பின்னல் மாறும் என்று ஒப்புக்கொண்டால், அடுத்து ஆளுக்கு ஆள் மாறும் என்பார்கள், அப்புறம் அந்தக் கணக்குப்பிள்ளை வந்து நான் அன்றைக்கே சொன்னேனே என்று சிரிப்பார் என்று பயந்தேன். செத்துப்போன ஒரு கணக்குப்பிள்ளைக்குப் பயந்து குரங்கின் மூளையைத் திருத்தினேன். உன்னையும் திருத்தப் பார்த்தேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் பேராசிரியர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார், உன்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். பழைய படங்களை எல்லாம் மேஜையில் பரப்பி இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஒரு சந்தேகம் சார். எலியா இருந்தாலும் குரங்கா இருந்தாலும், இத்தனை செல்லுல ஒண்ணுகூட ஓரத்துல இடிக்கல. எல்லாம் எப்படி இவ்ளோ கரெக்டா தாளுக்குள்ள நிக்குது?” என்றார். அவர் திட்டவில்லை. இனிமேல் நல்ல செல் கெட்ட செல் பார்க்க வேண்டாம், தகட்டை இத்தனை அளவு நகர்த்துங்கள், அங்கே என்ன செல் நிற்கிறதோ அதை வரையுங்கள், தாள் போதாவிட்டால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒரே குரங்கின் தலையில் நாலு இடம் எடுத்தோம். பின்பக்கத்தில் சின்னச் சின்ன செல், நெருக்கமாக, மழைக்கு ஒதுங்கிய கூட்டம்போல. கை காலை அசைக்கிற இடத்தில், மற்ற இடங்களில் அடுக்கடுக்காக நிற்கிற செல்களில் நடு அடுக்கு இருக்கிற இடமே தெரியவில்லை, அடியில் ராட்சசச் செல்கள். நெற்றியில் நான் இருபது வருஷம் சுரண்டிப்போட்ட அதே மரங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு தாள் ஒட்டினேன். டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, “எது ஒசத்தி எது மட்டம்னு இல்ல சார், வேலைக்குத் தக்கன பின்னல் மாறுது. பாக்குற எடத்துல இவ்ளோ பெரிய மரம் இருந்தா எல்லாம் கலங்கிப் போயிடுமோ என்னவோ. எனக்கே சரியா தெரியல” என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இத்தனை வருஷத்துல இந்த மாதிரி உங்க கண்ணுல பட்டதே இல்லையா?” படவில்லை என்றேன். எஸ்தர் வீட்டில் சொன்னதுபோலவே, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன்.

நான் சொல்வதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உன் தலைக்குள் நான் பார்த்ததில்லை. குரங்கின் நெற்றியை வைத்துக்கொண்டு உனக்கு ஏன் எழுத்து நிற்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு யாருக்கும் இன்னும் ஒன்றும் தெரியாது, எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் கண்டது இவ்வளவுதான். ஒரே தலைக்குள்ளேயே ஒரே அச்சு இல்லை. அப்படி இருக்க, இரண்டு வட்டம் போட்டு ஒரே கோடு இழுத்துக் காட்டி, ஒரு குழந்தையை ஏழு வருஷம் அடித்தவன் நான். பண்ணையாரின் தலையும் கூலிக்காரன் தலையும் ஒரே மதிப்பு என்பதற்கு, எல்லாத் தலையும் ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும் என்று அர்த்தம் இல்லை. இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக் கேட்டு, எந்தச் சுருள் போயிருக்கிறது என்று நீ சொல்வாய். உன் ஃபோர்மேன் என்னைத் திருவள்ளூர் ஸ்டேஷனில் பார்த்து, “உம் புள்ள காது சும்மா இல்லய்யா, கவர்மென்ட்டு முத்திர போட்ட காது” என்று சொன்னார். நான் சிரித்து வைத்தேன். பெருமைப்படவில்லை. படித்திருந்தால் நீயே ஃபோர்மேன் ஆகியிருப்பாய் என்றுதான் அப்போதும் எரிந்தது.

எஸ்தர், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள். இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

அருள், உன் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு போஸ்ட் கார்டு இருக்கிறது. உனக்குப் பதினைந்து வயதில் வந்தது. எட்டாவதில் இரண்டாம் தடவை நீ தோற்ற வருஷம். ஊத்துக்கோட்டைப் பக்கம் என் சித்தப்பா வீட்டுக்கு நீ போயிருந்தபோது, யாருமே ஓட்ட முடியாத ஒரு பம்புசெட்டை ஓட்டிக் கொடுத்தாய். அதைப் பார்த்த பட்டறைக்காரர் ஒருவர், தெலுங்குக்காரர், உன் தோளைத் தட்டி, கார்டு போடுகிறேன் என்றார். பத்து நாள் தபால்காரரை எதிர்பார்த்துத் தெருவிலேயே நின்றாய். கார்டு வந்தது. “நைனா, எனக்கு வந்துகீது! எம் பேரு போட்டுக்குது பாரு!” என்று ஓடி வந்து நீட்டினாய். உன் பேரின் வடிவம் மட்டும் உனக்குத் தெரியும். “இன்னா எளுதிக்கிறாரு, படி நைனா” என்றாய். நான் கார்டைப் பார்த்தேன். பட்டறையில் இப்போது ஆள் தேவைப்படவில்லை, படித்த பையன்களைத்தான் எடுக்கிறோம், மன்னிக்கவும் என்று வாசித்தேன். நிதானமாக, கார்டில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

கார்டில் அப்படி இல்லை. திங்கட்கிழமை கிளம்பி வந்துவிடு, சாப்பாடும் தங்கலும் என் வீட்டில், வேலை நானே கற்றுத் தருகிறேன், படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இருந்தது. படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற அந்த வரிதான் என்னைக் கொளுத்தியது. நாங்கள் மண்ணிலிருந்து எழுந்து வந்ததே படிப்பால்தான், இவன் யார் அது வேண்டாம் என்று சொல்ல? இன்னொரு வருஷம் உன்னைப் பரீட்சைக்கு உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ அதற்கு உட்காரவில்லை. பட்டறைக்காரனே வேண்டாம் என்றுவிட்டான், நம்மிடம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தூக்கப் போனாய். தூக்கிய மூன்றாம் மாதம் கம்பிக் கட்டு சரிந்து உன் இடது நடுவிரலின் நுனி போயிற்று. மோட்டார் பக்கம் உன்னை விட இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. ஒரு தடவை ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்தப் பட்டறைக்காரரைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவரும் திருப்பிக்கொண்டார். கூப்பிட்டும் வராத திமிர் பிடித்தவன் என்று அவர் நினைத்திருப்பார். நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, நடுவில் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கார்டை நீ கிழித்துப்போட்டிருக்கலாம். உன் பெயருக்கு வந்த முதல் தபால் என்று எடுத்து வைத்திருக்கிறாய். கல்யாணம் ஆனால் அந்தப் பெட்டி எஸ்தரின் கைக்கு வரும், ஒரு நாள் அவள் அதை எடுத்து வாசிப்பாள். அந்தப் பயமும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. திடீரென்று எனக்கு நியாயம் பிறந்துவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துவிட வேண்டாம். படிக்கத் தெரிந்த ஒருத்தி உன் பக்கத்தில் வரப்போகிறாள் என்றதும் நான் நடுங்குகிறேன், அவ்வளவுதான்.

எஸ்தர், உன் அப்பாவிடம் இதைக் காட்டு. மூன்றாவது ஓலை வாசிக்கச் சொல்வதோ நிறுத்தச் சொல்வதோ உன் இஷ்டம். நிறுத்தினால் ஊர் என்னைத்தான் கேட்க வேண்டும், அவனை அல்ல. கட்டிக்கொண்டால், நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்கு ஏதோ ஒன்று வராமல் போனால், என்ன வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், ஏன் வரவில்லை என்பதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன், வயசான வாய் சும்மா இருக்காது.

மன்னிப்புக் கேட்டு முடிப்பேன் என்று எதிர்பார்க்காதே அருள். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் அம்மாவின் பிள்ளை நீ. இவ்வளவும் தெரிந்த பிறகும், மைக்ராஸ்கோப்பில் என் கண்ணாலேயே பார்த்த பிறகும், நேற்று ரயிலில் ஒருவர் என் மகன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டபோது எஸ்.எஸ்.எல்.சி. என்றுதான் சொன்னேன். படிக்கிற மகன் ஒருவனை இன்றைக்குக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால், உன்னைக் கொடுத்துவிட்டு அவனை வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷமாவது யோசிப்பேன். அதனால்தான் கல்யாணத்தன்று என்னை முதல் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம் என்கிறேன்.

எஸ்தர், இந்தக் கடைசி வரிகளை அவனுக்கு வலிக்கும் என்று தாண்டிப் போய்விடாதே அம்மா. தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசி. படிக்கத் தெரியாதவனுக்கு இல்லாததை வாசித்துக் காட்ட நான் ஒருவன் இருந்தது போதும்.